உணர்ச்சி என்னும் சோம்பல்: கொல்கத்தா டெர்பிக்கு முன்னோட்டம் எழுதுவோரை மறுத்து

(நீண்ட பதிவு. விளையாட்டை வரலாறாகவும் சமூகவியலாகவும் பயிலும் ஆய்வாளர்களும் மாணவர்களும் பொறுமையுடன் வாசித்து, உடன்பாடில்லாத இடத்தில் தயங்காமல் மறுத்துரைக்க வேண்டுகிறேன்.)

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஒரு பட்டத்துக்காக மோதும் நாள் நெருங்கும்போதெல்லாம் அரைத்த மாவே மீண்டும் அரைக்கப்படுகிறது. 1911இல் வெறுங்காலோடு ஆங்கிலேயப் படையணியை வென்ற கதை. 1920இல் ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதை. பிரிவினை, அகதி வாழ்வு. மேற்கு வங்கத்து மண்ணின் மைந்தரான கோட்டிகள், கிழக்கிலிருந்து வந்த பாங்கால்கள். ஒரு பக்கம் சிங்கடி இறால், மறுபக்கம் இலிஷ் மீன். இவற்றை வரிசையாக அடுக்கியபின், இந்த ஆட்டத்தில் வியூகத்துக்கு வேலையில்லை, உணர்ச்சியே முடிவைத் தீர்மானிக்கும் என்ற வாக்கியத்தோடு கட்டுரை நிறைவுறும். நாளிதழ்கள் இப்படி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்களில் இருந்துகொண்டு நாமும் இதையே அடிக்குறிப்புகள் சேர்த்து எழுதுகிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'உணர்ச்சி முடிவு செய்யும்' என்பது முன்னோட்டமே அன்று. அது ஆட்டத்தைப் பார்க்க மறுக்கும் சோம்பல். அச்சோம்பலுக்கு ஓர் அரசியலும் உண்டு. ஆடுவோர்க்கும் ஆட்டுவிப்போர்க்கும் சிந்தனை உண்டு என்பதை அது மறுக்கிறது.

முன்னோட்டம் என்பது யாது? நடக்கவிருக்கும் ஒன்றைப் பற்றிக் காரணங்களோடு முன்வைக்கப்படும் கூற்று. அக்கூற்று பொய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதுவே அதன் மதிப்பு. 'இடப்பக்கத் தற்காப்பாளர் முன்னேறும்போது அவர் பின்னே விடும் வெளியை எதிரணி பயன்படுத்தும்' என்று ஒருவர் எழுதினால், தொண்ணூறு நிமிடங்களுக்குள் அவர் கூற்று மெய்யா பொய்யா என்பது தெரிந்துவிடும். 'உணர்ச்சி வெல்லும்' என்று எழுதியவர் ஒருநாளும் தோற்கமாட்டார். எந்த அணி வென்றாலும் அவ்வணியிடமே உணர்ச்சி மிகுந்திருந்தது என்று மறுநாள் சொல்லிவிடலாம். பொய்க்கவே முடியாத கூற்றை வேறெந்தத் துறையிலும் நாம் ஆய்வு என்று ஏற்பதில்லை. கால்பந்துக்கு மட்டும் ஏன் இச்சலுகை?

1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியை 2–1 என்று வென்றது. அன்றைய பதினொருவரில் ஒருவரைத் தவிர மற்றவர் அனைவரும் வெறுங்காலோடு ஆடினர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வெறுங்கால்களைப் பற்றி எத்தனை கட்டுரைகள், எத்தனை உரைகள்! ஆனால் அதே ஆட்டத்தைப் பற்றிக் கொல்கத்தாவின் மைதான மரபு வேறொரு செய்தியையும் சொல்லிவருகிறது. தோற்றத்தில் ஒத்திருந்த சகோதரர்களான சிவதாஸ் பாதுரியும் விஜயதாஸ் பாதுரியும் ஆட்டத்தினிடையே தம் இடங்களை மாற்றிக்கொண்டு, தம்மைக் காவல்காத்த எதிரணியினரைக் குழப்பினர் என்பதே அது. இச்செய்தியில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்பதைத் தேடிக் காண்பது ஆய்வாளர் கடமை. நாமோ தேடவே இல்லை. காலை நினைவில் வைத்துக்கொண்டோம், தலையை மறந்தோம். வெறுங்கால் தேசிய உருவகமாகப் பயன்பட்டது. இடமாற்றம் எந்த உருவகத்துக்கும் பயன்படவில்லை, ஆகவே கைவிடப்பட்டது.

இதைவிடத் தெளிவான சான்று 1997. அவ்வாண்டு ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை 1,31,000க்கும் மேற்பட்டோர் கண்டனர் என்பது பதிவு. இந்திய மண்ணில் ஒரு விளையாட்டுக்குக் கூடிய மிகப்பெரிய கூட்டங்களுள் அது ஒன்று. மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா. அவருடைய 'டைமண்ட்' முறை அந்நாள்களில் வங்காளத்தின் தேநீர்க் கடைகள்வரை பேசுபொருளாயிற்று. எதிரே ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளராக பி.கே. பானர்ஜி. ஆட்டத்துக்கு முன் அமல் தத்தா எதிரணி வீரர்களைப் பெயர் திரித்துக் கேலி பேசினார். பாய்ச்சுங் பூட்டியாவைச் 'சுங்சுங்' என்றார். ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்றது. நஜிமுல் ஹக் ஒரு கோல். மோகன் பகானுக்கு சீமா ஒகோரி ஒன்று. எஞ்சிய மூன்றும் பாய்ச்சுங்குடையவை.

இந்த ஆட்டம் இன்று எப்படி நினைவுகூரப்படுகிறது? அவமதிக்கப்பட்ட இளைஞன் கோபத்தில் மூன்று கோல் அடித்தான். பானர்ஜி தம் புகழ்பெற்ற 'வோக்கல் டானிக்' பேச்சால் வீரர்களைத் தட்டி எழுப்பினார். புத்தகப் படிப்பு தோற்றது, நெஞ்சுரம் வென்றது. நீதிக்கதைக்கு இது பொருத்தம். கால்பந்துக்குப் பொருந்தாது. கோபம் ஒருவனை ஓடச் செய்யும். எங்கே ஓட வேண்டும் என்பதை அது சொல்லித்தராது.

வைர வடிவம் என்றால் பொதுவில் என்ன? நடுக்களத்தில் நால்வர். ஒருவர் தற்காப்புக்கு முன்னே, ஒருவர் முன்களத்துக்குப் பின்னே, இருவர் இரு பக்கங்களில், அதுவும் நடுவை நோக்கி ஒடுங்கி. இதனால் களத்தின் மையத்தில் ஆள்பலம் கூடும். குறுகிய பாஸ்களால் எதிரணியைத் திணறடிக்கலாம். ஆனால் களத்தின் அகலம்? ஓரங்களைப் பின்வரிசைக்காரர்கள் ஏறிச்சென்று நிரப்ப வேண்டும். அவர்கள் ஏறினால் அவர்களுக்குப் பின்னே வெற்றிடம் உருவாகும். நடுவில் பந்து பறிபோகும் கணத்தில் அவ்வெற்றிடத்துக்கு ஒரு நீண்ட பாஸும் அங்கே விரையத் தெரிந்த ஒரு முன்கள வீரரும் போதும். இவ்வளவும் ஆட்டத்துக்கு முன்பே கேட்கக்கூடிய கேள்விகள். பந்தை இழந்த முதல் ஐந்து நொடிகளில் மோகன் பகான் என்ன செய்யும்? பாய்ச்சுங் மையத் தற்காப்பாளரோடு தோள் சேர்த்து நிற்பாரா, அவருக்கும் பக்கத் தற்காப்பாளருக்கும் இடையிலுள்ள சந்தில் நிற்பாரா? ஒரு நல்ல முன்னோட்டம் இவற்றை முன்வைத்திருக்கும். 'சுங்சுங்' என்ற கேலியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை விளக்குவோர், அந்த மூன்று கோல்களை அடித்தவரின் அறிவைத்தான் இரண்டாம் முறையாகக் கேலி செய்கின்றனர்.

பானர்ஜிக்கு இழைக்கப்படும் அநீதி இன்னும் நுட்பமானது. அவர் வெறும் பேச்சாளரா? 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதியில் தென் கொரியாவை 2–1 என்று வென்ற இந்திய அணியில் முதல் கோலை அடித்தவர் அவர். இரண்டாம் கோலை அடித்தவர் ஜர்னைல் சிங். ஜர்னைல் யார்? ஆசியாவின் தலைசிறந்த தற்காப்பாளர்களுள் ஒருவர். தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்ட நிலையில் அவரைத் தற்காப்பில் நிறுத்துவது ஆபத்து என்று கருதிய பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், வெளியே உட்கார வைக்கவில்லை. முன்களத்தின் நடுவே நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார். ஒரு குறையையே எதிரணி எதிர்பாராத ஆயுதமாக மாற்றிய அந்த முடிவை அதே களத்தில் நின்று கண்டவர் பானர்ஜி. ரஹீமின் பள்ளியில் பயின்றவரை 'உசுப்பேற்றுபவர்' என்று மட்டும் நினைவில் வைத்திருப்பது நம் மறதியின் அளவையே காட்டுகிறது.

அமல் தத்தாவின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1960களில் இங்கிலாந்து சென்று பயிற்சியாளர் கல்வி கற்றுத் திரும்பியவர். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வங்காளத்தின் ஊர் ஊராகச் சென்று வெளிநாட்டு ஆட்டங்களைத் திரையிட்டவர். கேலிப் பேச்சுக்காக அவரைக் கண்டிப்பது சரி. ஆனால் ஒரு தோல்வியைக் காட்டி, 'கரும்பலகையில் கோடு போட்டால் கால்பந்து வருமா' என்று சிந்தனையையே நகைப்புக்கிடமாக்கியதில் நம் அறிவுலகத்துக்கும் பங்குண்டு. ஒரு வியூகம் தோற்றால் அதன் குறை எங்கே என்று கேட்பதே முறை. வியூகம் என்பதே வீண் என்று முடிவுகட்டுவது அறிவுப் பகை.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையின் தொடக்கச் சுற்றில் ஈஸ்ட் பெங்கால் 1–0 என்று வென்றது. 2019 ஜனவரிக்குப் பிறகு மோகன் பகானுக்கு எதிராக அது கண்ட முதல் வெற்றி; இடையே தொடர்ச்சியாக எட்டுத் தோல்விகள். வெற்றிக் கோலை அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். வலப்பக்க ஓரத்தில் பந்தைப் பெற்று, உள்நோக்கித் திரும்பி, இடக்காலால் தொலைக் கம்பத்தை நோக்கி வளைத்து அடித்த கோல் அது. இருபத்திரண்டு நாள்கள் கழித்து, செப்டம்பர் 3 அன்று, அதே மைதானத்தில் அதே இரு அணிகள் இறுதியில் சந்தித்தன. இரண்டாம் பாதியில் மோகன் பகானின் அனிருத் தாபா வெளியேற்றப்பட்டார். பத்துப் பேராகச் சுருங்கிய அணியே, திமித்ரி பெட்ராடோஸ் அடித்த ஒரே கோலால் கோப்பையை வென்றது.

இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் இடைப்பட்ட இருபத்திரண்டு நாள்களில் எழுதப்பட்டிருக்க வேண்டிய முன்னோட்டத்தை எண்ணிப் பாருங்கள். வலது ஓரத்திலிருந்து உள்ளே திரும்பும் வீரரை இம்முறை வெளிப்பக்கமாகத் தள்ளப்போவது யார்? அவர் திரும்பும் திசையில் நடுக்கள வீரர் ஒருவர் முன்கூட்டியே நிற்பாரா? அப்படி ஒருவர் விலகினால் நடுவில் எவருக்கு வெளி கிடைக்கும்? ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்தால் ஈஸ்ட் பெங்கால் களத்தை அகலமாக விரிக்குமா, நடுவே நெருக்கியடித்து நிற்குமா? முன்னேறிச் செல்லும் எல்லோருக்கும் பின்னே எதிர்த்தாக்குதலைத் தடுக்க எத்தனை பேர் நிற்பர்? 'பழிவாங்கும் வெறி', 'தன்மானப் போர்' ஆகிய சொற்களில் இக்கேள்விகளுள் ஒன்றுக்கேனும் விடை உண்டா? பத்துப் பேர் பதினொருவரை வென்றதை 'உறுதி' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கினால், ஈஸ்ட் பெங்கால் வீரர்களிடம் உறுதி இல்லை என்றாகிறது. எட்டு முறை தோற்றபின் எழுந்து நின்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல எவருக்கு மனம் வரும்?

தமிழில் எழுதும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. நான் தங்கி ஆய்வு செய்யும் சாந்த்ராகாச்சி, ஹவுராவிலிருந்து சென்னைக்குச் செல்லும் தென்கிழக்கு ரயில்வே தடத்தில் இருக்கிறது. இந்த இருப்புப்பாதை வழியே கொல்கத்தாவின் கால்பந்துக்குத் தெற்கு கொடுத்தது கொஞ்சமன்று. அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே என்ற தென்னகத்து ஐவர் 1949 தொடங்கி ஈஸ்ட் பெங்காலின் முன்களத்தை ஆண்டனர். 'பஞ்ச பாண்டவர்' என்று ஊர் அழைத்தது. செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் 1957 முதல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்தார். பின்னர் இதே ரயில்வேயின் பி.என்.ஆர். அணிக்குச் சென்றார்; 2023 பிப்ரவரியில் மறைந்தார். இவர்களைப் பற்றித் தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் பெருமிதக் குறிப்புகள். ஐவரும் ஒருவருக்கொருவர் எப்படி இடம் விட்டனர், எவர் பின்வாங்கிப் பந்தை வாங்கினார், எவர் அதனால் திறந்த வெளியில் ஓடினார் என்பதை எழுதிய ஓர் ஆய்வேடு நம்மிடம் உண்டா? அவர்களோடு ஆடியவர்களும் அவர்களைக் கண்டவர்களும் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். இன்று கேட்டுப் பதிவு செய்யாத ஆட்டம் நாளை இல்லாத ஆட்டம்.

வடசென்னையின் வியாசர்பாடியைப் பற்றி எழுதும்போதும் இதே நோய்தான். வறுமை, தெரு, குற்றம், அதிலிருந்து மீட்ட கால்பந்து என்ற நான்கு படிகளில் கட்டுரை முடிந்துவிடும். சிறுவர்கள் நெருக்கமான இடத்தில் ஆடிப் பழகுவதால் முதல் தொடுதலிலேயே பந்தை அடக்கக் கற்கின்றனர் என்றால், அப்பழக்கம் அகன்ற களத்தில் எங்கே உதவும், எங்கே தடையாகும் என்பதை எவரும் கேட்பதில்லை. ஐரோப்பிய வீரரை 'களத்தை வாசிப்பவர்' என்கிறோம். நம் சேரிகளிலிருந்தும் மலைகளிலிருந்தும் வருபவரைப் 'பிறவித் திறன்', 'இயற்கையான வேகம்' என்கிறோம். தலை ஒரு சாராருக்கு, உடல் மற்றொரு சாராருக்கு. இந்தப் பங்கீடு எங்கிருந்து வந்தது என்பதைச் சாதியைப் பயிலும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் கால்பந்து என்று வந்தவுடன் அதையே நாமும் கூச்சமின்றிச் செய்கிறோம்.

எதிர்வாதங்களை அறிவேன். முதலாவது: டெர்பி ஒரு சமூக நிகழ்வு, அதை வியூகமாகச் சுருக்குவது அரசியல் நீக்கம் ஆகாதா? ஆகாது. சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியாண்ட் எ பவுண்டரி' நம் பாடத்திட்டங்களில் புகழ்பெற்ற நூல். அதை மேற்கோள் காட்டுவோர் பலர், காலனியத்தைப் பற்றி அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, மட்டையாளரின் கால் நகர்வையும் அடியின் அமைப்பையும் அவர் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார் என்பதை விட்டுவிடுகின்றனர். ஜேம்ஸுக்கு அவ்விரண்டும் ஒரே பார்வை. அடியைப் பார்க்கத் தெரிந்ததால்தான் அவரால் அதில் சமூகத்தைக் காண முடிந்தது. அடியைப் பார்க்காதவர் சமூகத்தைக் காண்பதில்லை. தாம் முன்பே அறிந்த சமூகத்தை ஆட்டத்தின்மேல் ஒட்டுகிறார்.

இரண்டாவது: ரசிகரின் உணர்ச்சி மெய்யன்றோ? மெய்தான். ஆனால் அது நாம் எண்ணுவதுபோல எப்போதும் ஒரே வடிவில் இருப்பதில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். பகையை மட்டுமே ஆட்டத்தின் சாரமாக விற்பவர்கள் அந்த நாளை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும். 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டெர்பி ரத்தானபோது, ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட மருத்துவருக்கு நீதி கேட்டு இரு அணிகளின் ரசிகர்களும் மைதானத்துக்கு வெளியே ஒன்றாக நின்றனர். மீனையும் இறாலையும் வைத்து அந்த மாலையை விளக்க முடியுமா? காலரியில் அமர்பவர்களுக்குச் சிந்திக்கத் தெரியும். எந்தப் பக்கத் தற்காப்பாளர் களைத்துவிட்டார் என்பதை நம் முன்னோட்டக்காரர்களுக்கு முன்பே அவர்கள் சொல்வர்.

மூன்றாவது எதிர்வாதம் நம் துறைகளின் தாழ்வாரங்களில் மெல்லிய குரலில் சொல்லப்படுவது: இதெல்லாம் ஆய்வா? கருத்தரங்கு ஒன்றுக்கு நான் அனுப்பிய கட்டுரைச் சுருக்கம், விளையாட்டுப் பக்கத்துக்கு உரியது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. என் ஒருவனின் மனக்குறையாக இதைச் சொல்லவில்லை. என்னைவிட நன்றாக ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்த மாணவர்கள் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் தாமே ஆடியவர்கள். அவர்களிடம் 'உன் அனுபவத்தைச் சொல், வலியைச் சொல்' என்கிறோம். 'நீ அந்த இடத்தில் ஏன் நின்றாய்' என்று கேட்பதில்லை. தாம் அறிந்ததை அறிவென்று சொல்லும் உரிமையை அவர்களுக்கு நாம் மறுக்கிறோம். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுவே.

ஆகவே, அடுத்த டெர்பிக்கு முன்னோட்டம் எழுதவிருக்கும் நண்பர்களே, வரலாற்றை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முதல் பத்தியைக் கொடுங்கள். எஞ்சியதை ஆட்டத்துக்குக் கொடுங்கள். பந்தை இழந்தவுடன் எவ்வணி எங்கே அழுத்தும்? களத்தின் அகலத்தை எவர் தருவார்? கார்னரின்போது தொலைக் கம்பத்தில் யார் நிற்பார்? கொல்கத்தாவின் புழுக்கத்தில் எழுபதாம் நிமிடத்துக்குப் பின் எந்த நடுக்களம் முதலில் தளரும்? ஒரு கோல் பின்தங்கினால் பயிற்சியாளர் முதலில் யாரை மாற்றுவார்? இவற்றுக்குத் துணிந்து விடை எழுதுங்கள். தவறினால் மறுநாள் ஏன் தவறியது என்று எழுதுங்கள், அதுவும் ஆய்வே.

ஹவுராவிலிருந்து சால்ட் லேக் மைதானத்துக்கு இப்போது ஆற்றின் அடியே மெட்ரோ செல்கிறது. ஆட்ட நாளில் அந்த வண்டியில் நெருக்கி நிற்பவர்கள் வழிநெடுக வியூகம்தான் பேசுகின்றனர். யாரை எங்கே நிறுத்த வேண்டும், யாரை உட்கார வைக்க வேண்டும் என்று கைகளால் காற்றில் கோடு கிழிக்கின்றனர். நம் கட்டுரைகள் முதலில் அவர்களுடைய தரத்தை எட்டட்டும்.

சாந்த்ராகாச்சி, ஹவுரா